மண்ணுக்குள் ஒரு பேரேடு

ஆண்டுதோறும் புதுக்கணக்குப் போடுகிறோம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, புதுப் பேரேட்டைத் திறக்கிறோம். அன்றோடு பழைய பேரேடு பரணுக்கு ஏறுகிறது. பரண் நிறைந்ததும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விடுகிறது. தாத்தா காலத்துக் கணக்கு எங்கே என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய கடைகள் நம் சாத்தூர், சிவகாசி, விருதுநகர் வட்டாரத்தில் மிகக் குறைவு.

ஆனால் ஒவ்வொரு கடைக்கும் நாம் அறியாமல் எழுதப்படும் இன்னொரு பேரேடு உண்டு. அது கடைக்கு அடியிலும் கொல்லைப்புறத்திலும் இருக்கும் மண். உடைந்தது, சிந்தியது, தவறியது, கழித்துப் போட்டது எல்லாம் அதில் பதிவாகிறது.

இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளி முடிந்த மறுநாள் ஆற்றங்கரையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உடைந்த வளையல் துண்டு கிடக்கும் இடம் வளையல் கடை. பொட்டலக் காகிதமும் கடலைத் தொலியும் கிடக்கும் இடம் பொரிகடலைக் கடை. மூன்று கல்லும் சாம்பலும் இருந்தால் அங்கே பொங்கல் வைத்த குடும்பம் இருந்திருக்கிறது. கடைக்காரர் சிட்டையில் எழுதியது ஒரு கணக்கு. மணலில் கிடப்பது இன்னொரு கணக்கு. இந்த இரண்டாவது கணக்கைப் படிப்பதற்கென்று ஒரு துறை இருக்கிறது. அதுதான் தொல்லியல்.

அகழாய்வு என்றாலே முதுமக்கள் தாழியும் சங்க காலமும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் 200, 300 ஆண்டுகளுக்கு முந்திய வெள்ளைக்காரர் கோட்டைகளையும், அவர்கள் எல்லையில் நின்ற நம்மவர் கோட்டைகளையும், வியாபாரக் குடியிருப்புகளையும்கூடத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். வியாபாரிகளாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி அதில் இருக்கிறது.

கோட்டை என்பது பெயர், உள்ளே இருந்தது கடை

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1600-இல் தொடங்கியது. டச்சுக்காரர் கம்பெனி 1602-இல் வந்தது. டேனிஷ்காரர்கள் 1620-இல் தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். உலகத்தின் மறுகோடியில், இன்றைய கனடாவில், பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் தோலை வாங்குவதற்காக 1670-இல் ஹட்சன் பே கம்பெனி உருவானது. அந்தத் தோலின் மென்மயிரை அழுத்தித்தான் ஐரோப்பியக் கனவான்களின் தொப்பிகளைச் செய்தார்கள்.

இந்தக் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் முறை ஒன்றே. முதலில் ஓர் ஏஜெண்ட், பிறகு ஒரு கிட்டங்கி, பிறகு கிட்டங்கியைச் சுற்றி ஒரு மதில், மதிலின் மேல் பீரங்கி. அந்நாளில் பாக்டரி என்ற சொல்லுக்குத் தொழிற்சாலை என்று பொருள் இல்லை. பாக்டர் என்றால் கம்பெனியின் வியாபார ஏஜெண்ட். அவர் இருந்து கொள்முதல் செய்யும் இடம் பாக்டரி. ஆகவே கோட்டையைத் தோண்டும்போது வாளும் வேலும் மட்டுமே கிடைக்கும் என்று எண்ணக்கூடாது. கிடைப்பதில் பெரும்பங்கு சரக்கும் சமையல் பாத்திரமும்தான்.

சதுரங்கப்பட்டினம் சொல்லும் கணக்கு

கல்பாக்கத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி, சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை நிற்கிறது. மெல்லிய மஸ்லின் துணிக்குப் பேர்போன ஊர் அது. சுற்றுவட்டாரத்து நெசவாளர்களிடம் துணியைக் கொள்முதல் செய்து, கிட்டங்கியில் அடுக்கி, கப்பலேற்றுவதற்காக எழுந்த கோட்டை. 1781-இல் ஆங்கிலேயர் அதைத் தாக்கிப் பிடித்தார்கள். பின்னர் அது டச்சுக்காரர் கைக்குத் திரும்பி, 1824 ஒப்பந்தத்துக்குப் பிறகு முழுவதுமாக ஆங்கிலேயர் வசமானது.

இந்தியத் தொல்லியல் துறை 2000-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் இக்கோட்டைக்குள் அகழாய்வு செய்தது. சீனப் பீங்கான் உடைசல்கள், கண்ணாடி மதுப்புட்டித் துண்டுகள், புகையிலை பிடிக்கும் களிமண் குழாய்கள் முதலியன வெளிவந்தன. கம்பெனிக் கடிதங்களில் துணி இருக்கும், விலை இருக்கும், கப்பல் பெயர் இருக்கும். ஆனால் அந்தக் கோட்டையில் இருந்த மனிதர் எதில் சாப்பிட்டார், எதைக் குடித்தார், எந்த ஊர்ச் சரக்கை விரும்பினார் என்பதைச் சொல்வது இந்த உடைசல்கள்தான். நம்மிடம் துணி வாங்க வந்தவர் வீட்டில் சீனத்துத் தட்டும் ஐரோப்பியப் புகைக்குழாயும் இருந்தன என்றால், அது விற்பனையின் எதிர்ப்பக்கம். வாங்குபவரின் பற்றுக் கணக்கு.

மண்ணை எப்படிப் படிக்கிறார்கள்?

இதில் மாயம் ஒன்றும் இல்லை. கிட்டங்கியில் மூட்டை அடுக்கும் ஞானம்தான். அட்டியில் அடியில் இருக்கும் மூட்டை முதலில் வந்தது. மேலே இருப்பது பின்னால் வந்தது. மண் அடுக்கும் அப்படியே. தரையைச் சதுரம் சதுரமாகக் கயிறு கட்டிப் பிரித்து, மேலடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக நீக்குகிறார்கள். எந்தப் பொருள் எந்தச் சதுரத்தில், எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது என்று எழுதிக்கொள்கிறார்கள். எடுத்த மண்ணைச் சல்லடையில் சலிக்கிறார்கள். இடையில் யாராவது குழி வெட்டியிருந்தாலோ எலி வளை தோண்டியிருந்தாலோ அடுக்கு கலைந்திருக்கும். அதையும் மண்ணின் நிறத்தைக் கொண்டே கண்டுபிடிக்கிறார்கள்.

ஓர் அடுக்கில் 1750-ஆம் ஆண்டுக் காசு ஒன்று கிடைத்தால், அந்த அடுக்கு 1750-க்கு முன்னால் உருவாகியிருக்க முடியாது. அதற்குப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் உருவாகியிருக்கலாம். காசு இல்லாத இடத்தில் வியாபாரச் சரக்கே காலத்தைச் சொல்கிறது.

களிமண் புகைக்குழாய் இதற்கு நல்ல உதாரணம். விலை மலிவு, எளிதில் உடையும், உடைந்தால் எறிந்துவிட்டு வேறு வாங்குவார்கள். அமெரிக்கத் தொல்லியலாளர் ஜே. சி. ஹாரிங்டன் 1954-இல் ஒன்றைக் கண்டறிந்தார். ஆங்கிலேயக் குழாய்களின் தண்டுத் துளை, காலம் செல்லச் செல்லச் சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. 1620 முதல் 1650 வரையிலான குழாய்களில் பெரும்பாலும் ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் 8 பங்கு. 1750-க்குப் பிறகு 4 பங்கு. சாதாரண டிரில் பிட்டுகளைத் துளைக்குள் நுழைத்துப் பார்த்தே அவர் இதை அளந்தார். டச்சு நாட்டுக் குழாய்களிலோ செய்தவரின் மார்க்கா அடியில் குத்தப்பட்டிருக்கும். அதைக் கொண்டு பட்டறையையும் காலத்தையும் சொல்கிறார்கள்.

மார்க்காவின் மதிப்பு நம் பகுதிக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பிறகு, சிவகாசியிலும் சுற்றூர்களிலும் எத்தனை லேபிள்கள்! 200 ஆண்டு கழித்து யாரோ ஓர் ஊரைத் தோண்டினால், மட்கிப்போகாமல் தப்பிய ஒரு லேபிள் துண்டு அந்த அடுக்கின் காலத்தைச் சொல்லிவிடும். லேபிள் எப்போது அச்சானது என்ற பதிவை நாம் வைத்திருந்தால்தான் அது முடியும் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்வோம்.

பீவர் நாட்டுக் கடைகள்

இந்த மாதிரி ஆராய்ச்சி மிக நீண்ட காலமாக நடந்துவரும் இடங்களில் ஒன்று வட அமெரிக்காவின் பெரிய ஏரிகள் கூடும் இடத்திலுள்ள மிச்சிலிமாக்கினாக் கோட்டை. பிரெஞ்சுக்காரர் 1715 வாக்கில் கட்டியது. 1761-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1780, 1781 ஆண்டுகளில் அவர்கள் பக்கத்துத் தீவுக்கு இடம் மாறியபோது, பயன்படும் கட்டடங்களைப் பிரித்து எடுத்துச் சென்றார்கள், மிச்சம் எரிக்கப்பட்டது. ஏரி மணல் மூடிக் காத்தது. 1959 முதல் அங்கே அகழாய்வு தொடர்ந்து நடந்துவருகிறது.

மர வேலிக்குள் வரிசை வரிசையாக வீடுகள். அவற்றில் பலவும் வியாபாரிகளுடையவை. பலகைத் தரையின் இடுக்கு வழியே விழுந்த பாசிமணி, ஊசி, பித்தான், துப்பாக்கிக் குண்டு எல்லாம் அப்படியே கிடைத்தன. சாப்பிட்டுப் போட்ட எலும்புகளை எண்ணிப் பார்த்து, பிரெஞ்சுக் குடும்பங்கள் உள்ளூர் மீனையும் வேட்டை இறைச்சியையும் அதிகம் உண்டார்கள், ஆங்கிலேயர் வளர்ப்பு விலங்கின் இறைச்சியைப் பெரிதும் நாடினார்கள் என்று அறிந்தார்கள். வாடிக்கையாளர் மாறினால் சரக்கும் மாறவேண்டும் என்பதை மண் சொல்லியிருக்கிறது.

அங்கே கிடைத்தவற்றில் நம்மைத் திடுக்கிட வைப்பது சிறிய ஈய முத்திரைகள். துணிப் பொதியின் மேல் ஈயத்தை வைத்து அழுத்திக் கம்பெனி முத்திரை குத்துவார்கள். அவற்றில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரைகளும் உண்டு. புதுச்சேரியில் கொடி நாட்டி நம் துணியை வாங்கிய அதே கம்பெனிதான், கனடாவின் பீவர் தோலுக்கும் ஏகபோகம் வைத்திருந்தது. புதுச்சேரிக் கரையும் பனி மூடிய அந்த ஏரிக்கரையும் ஒரே முதலாளியின் இரண்டு கிளைகள்!

ஹட்சன் பே கம்பெனியின் கணக்கு முறையும் நாம் கேட்கத் தக்கது. அந்தக் காட்டில் நாணயம் இல்லை. ஆகவே நன்கு பதமான ஒரு பீவர் தோலையே ஓர் அலகாக வைத்தார்கள். கத்தி, கம்பளி, துப்பாக்கி, மற்றத் தோல்கள் எல்லாவற்றுக்கும் இத்தனை பீவர் என்று விலை. விலைப்பட்டியல் லண்டனிலிருந்து வந்தது. ஆனால் கோட்டையிலிருந்த அதிகாரிகள் மருந்தையும் துணியையும் சற்றுக் குறைத்து அளந்து, மிஞ்சியதை ‘உபரி’ என்று தனியே கணக்கெழுதினார்கள். தோல் கொண்டுவந்த பழங்குடித் தலைவர்கள் ஏமாளிகள் அல்லர். வியாபாரம் தொடங்குமுன் அளவு நிறைவாக இருக்கவேண்டும் என்று அவர்கள் சபையில் பேசியது கம்பெனிக் குறிப்பிலேயே இருக்கிறது. பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் கடை போட்டால் இந்த உபரி குறைந்துவிடும். அளவும் போட்டியும் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன.

இது எப்படித் தெரிந்தது? கம்பெனி தன் கணக்கை எறியவில்லை. அந்த ஆவணங்கள் 1974-இல் கனடாவின் வின்னிபெக் நகருக்கு வந்தன. 1994-இல் மானிடோபா மாகாணத்துக்கே நன்கொடையாக வழங்கப்பட்டன. 2025 ஜூன் 1-ஆம் தேதியோடு அக்கம்பெனியின் கடைகள் அனைத்தும் மூடப்பட்டன. 355 ஆண்டு நடந்த வியாபாரம் கடன் சுமையில் முடிந்தது. கடை போனாலும் கணக்கு நிற்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அந்த நாட்டுப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் எங்கே இருந்தார்கள், என்ன விற்றார்கள் என்று இன்று அறிந்துகொள்கிறார்கள்.

ஒரு பக்கக் கணக்கு: பாஞ்சாலங்குறிச்சி

இனி நம் சீமைக்கு வருவோம். ஒட்டப்பிடாரத்துக்குப் பக்கத்திலுள்ள பாஞ்சாலங்குறிச்சியை அறியாதவர் இல்லை. அது கம்பெனி ஆட்சியின் எல்லையில் நின்ற பாளையக்காரர் கோட்டை. 1801-இல் அதை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், சுமார் 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்ட மண்கோட்டை என்று அதை எழுதிவைத்திருக்கிறார். கருங்கல் மதில் பீரங்கிக் குண்டு பட்டால் சிதறும். கெட்டிப்பட்ட மண்சுவரோ குண்டைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும்.

1799 செப்டம்பரில் கோட்டை தாக்கப்பட்டது. அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சியோடு நம் வெம்பக்கோட்டை வட்டாரத்து ஏழாயிரம்பண்ணையும், நாகலாபுரம், கோல்வார்பட்டி, காடல்குடி, குளத்தூர்ப் பாளையங்களும் பறிக்கப்பட்டன. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்து, இடித்த கோட்டையை மறுபடி எழுப்பினார். மார்ச் 31-இல் வந்த முதல் தாக்குதல் தோற்றது. மே 24-இல் கோட்டை வீழ்ந்தது. பிறகு அதைத் தரைமட்டமாக்கி உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்றும், ஊர்ப்பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள் என்றும் சொல்லப்படுகிறது.

இங்கேதான் வியாபாரிகளாகிய நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பாஞ்சாலங்குறிச்சியின் கிஸ்தி பாக்கி எவ்வளவு, எந்தத் தேதியில் எந்தக் கலெக்டர் கேட்டார் என்பதெல்லாம் கம்பெனிக் கடிதங்களில் விவரமாக இருக்கின்றன. எதிர்த்தரப்பின் எழுத்துக் கணக்கு அதே அளவில் நம் கைக்கு வரவில்லை. அரண்மனையோடு அது போயிற்று. ஒரு வழக்கில் கடன் கேட்பவரின் பேரேடு மட்டும் இருந்து, கொடுக்கவேண்டியவரின் பேரேடு எரிந்துபோயிருந்தால் பஞ்சாயத்து எப்படித் தீரும்? 200 ஆண்டுகளாகக் கட்டபொம்மனைப் பற்றி நடக்கும் வாதங்கள் பலவற்றுக்கும் அடியில் இருக்கும் சங்கடம் இதுதான்.

தமிழக அரசின் தொல்லியல் துறை 1968-69-இல் அங்கே அகழாய்வு செய்தது. உழுது மூடிய மண்ணுக்கடியில் அரண்மனைக் கட்டடங்களின் செங்கல் அடித்தளங்கள் வெளிப்பட்டன. 1974-இல் அருகில் நினைவுக் கோட்டையும் எழுந்தது. இன்று அங்கே செல்பவர்கள் புதுக்கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக்கூடாது. பக்கத்தில் இருக்கும் பழைய அடித்தளங்களைப் பார்க்கவேண்டும். எழுத்தில் அழித்தாலும் மண்ணில் அழிக்க முடியாமல் போன பக்கம் அது.

வைப்பாற்றங்கரையில்

வெள்ளைக்காரர் வருவதற்கு மிகவும் முந்திய வியாபாரத்துக்கும் நம் ஆறு சாட்சி வைத்திருக்கிறது. இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியோடு கூடும் வைப்பாறு, அதற்கு மேலே வெம்பக்கோட்டையைத் தொட்டு வருகிறது. அங்கே விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 மார்ச் மாதம் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. 2023, 2024 ஆண்டுகளிலும் பணி நடந்தது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், தந்தப் பகடை, தங்க அணிகலன் துண்டுகள் என ஆயிரக்கணக்கான பொருள்கள் கிடைத்தன. சங்கு நம் கரிசல் காட்டில் விளைவதில்லை. கடற்கரையிலிருந்து யாரோ ஏற்றி வந்திருக்கிறார்கள். யாரோ அறுத்து வளையலாக்கி விற்றிருக்கிறார்கள். பட்டாசு ஆலைகளுக்கு நடுவில் இருக்கும் அந்த மேடு ஒரு பழைய சரக்குச் சந்தையின் மிச்சம்.

நாம் செய்யக்கூடியவை

நம் ஊர்களில் கடைக்கும் கிட்டங்கிக்கும் அஸ்திவாரம் தோண்டாத மாதம் இல்லை. மண் அடிக்கும் லாரி ஒரு மேட்டை ஒரே வாரத்தில் தீர்த்துவிடும். ஆகவே சிலவற்றை மனத்தில் கொள்வது நல்லது.

முதலாவது, தோண்டும்போது காசு, மணி, பானை, செங்கல் கட்டுமானம் தென்பட்டால் வேலையை அந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தெரிவிக்கவேண்டும். பொருளைக் கழுவுவதோ இடம் மாற்றுவதோ கூடாது. எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத காசு, தேதி இல்லாத ரசீது போன்றது.

இரண்டாவது, சட்டம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். மறைத்தால் தண்டனையும் உண்டு, பங்கும் போய்விடும். முறைப்படி அறிவித்தவருக்குச் சட்டமே உரிமை வகுத்திருக்கிறது.

மூன்றாவது, நம் சொந்தப் பேரேடு. ஜி.எஸ்.டி. சட்டம் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வரை கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது. அது அரசாங்கத்துக்கு வேண்டிய காலம். 72 மாதத்தைத் தாண்டிய எல்லாவற்றையும் வைக்க இடம் இல்லைதான். பத்து ஆண்டுக்கு ஒரு பேரேடு, ஒரு சிட்டைக் கட்டு, பழைய லேபிள், விலைப்பட்டியல், எடைக்கல் ஆகியவற்றைத் தகரப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைக்க அதிக இடம் வேண்டியதில்லை. வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டைக் கடந்தால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமே அதைத் தொல்பொருளாகக் கருதுகிறது. விருதுநகரில் அரசு அருங்காட்சியகமும், சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. வீட்டில் வைக்க இயலாதவர்கள் எடைக்குப் போடுமுன் அங்கே ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம்.

பனை ஓலைப் பெட்டியும் கருப்பட்டியும் நம் கடைகளில் என்ன விலைக்குப் போயின, கடன் யாருக்குக் கொடுத்தோம், பஞ்ச காலத்தில் எப்படிச் சமாளித்தோம் என்பதை நம் கணக்குதான் சொல்லவேண்டும். கம்பெனிக்காரர்கள் தங்கள் பக்கத்தை எழுதி வைத்துவிட்டார்கள். நம் பக்கம் பரணில் இருக்கிறது. அடுத்த புதுக்கணக்கு நாளில் பரணை ஒழிக்கும்போது, எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு பேரேட்டையாவது எடுத்து வைப்போம்.